குறை கேட்பவள்

ஹாகன் நகரத்துக்கு வெளியே
இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையில்
எனக்குக் குறை கேட்கும் வேலை.
ஐம்பது தட்டுக்கு ஒன்று என் மேசைக்கு வரும்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
பருப்பில் கல் பொறுக்குவதுபோல்
பாட்டில் கல் பொறுக்குவேன்.

ஒரு சொடுக்கு, ஒரு கீறல்,
சூடு போதாத வினைல் விடும் பெருமூச்சு.
நிமிடமும் விநாடியும் எழுதிச்
சிவப்புச் சீட்டு ஒட்டினால்
அச்சு நிற்கும். ஃபோர்மேன் திட்டுவார்.
ஒன்பது வருடமாகப் போல்கா,
தேவாலயக் கூட்டுப்பாட்டு,
கிறிஸ்துமஸ் மணியோசை ஆகஸ்டிலேயே.
வீட்டில் நான் ரேடியோவைத் தொடுவதில்லை.

எழுபத்திரண்டு பிப்ரவரியில்
முந்நூறே பிரதிக்கு ஓர் ஆர்டர் வந்தது.
வூப்பர்டாலில் யாரோ நான்கு பேர்
மூடிக்கிடந்த ரிப்பன் ஆலையில்
ஒரே இரவில் பதிந்தது.
உறையில் படம் கிடையாது.
உருளைக்கிழங்கை வெட்டி மையில் தோய்த்துக்
கையால் ஒற்றிய கறுப்பு வட்டம் மட்டும்.

ஊசி இறங்கியது.
கழுத்தைப் பிடித்துத் தூக்கிய வாத்தாக
ஒரு சாக்சபோன்.
பாத்திர அலமாரியை மாடிப்படியில் உருட்டிவிட்டுப்
பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்கும் டிரம்ஸ்.
பேஸ் எங்கே இருந்ததென்று இன்றுவரை தெரியாது,
மேசை மட்டும் நடுங்கியது.
அடுத்த தெருவில் ராக் வாசித்துக்கொண்டிருந்த கிட்டார் ஒன்று
வீடு தவறி உள்ளே வந்து
போக மனமில்லாமல்
அதே மூன்று சுரத்தைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

முதல் நிமிடத்துக்குப் பதினான்கு குறை எழுதினேன்.
இரண்டாம் நிமிடத்தில் பென்சில் முனை ஒடிந்தது.
பக்கத்து மேசை கெர்லிண்டேயிடம் ஹெட்போனை நீட்டினேன்.
கொஞ்ச நேரம் கேட்டாள்.
“எது குறையில்லை என்று எழுது,
சீக்கிரம் முடியும்” என்றாள்.

சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.
மூன்றாம் முறை ஓடும்போதுதான் பிடிபட்டது:
சாக்சபோன்காரர் மூச்செடுக்கும்போதெல்லாம்
டிரம்ஸ் ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தது.
கிட்டார் முட்டியது சுவரில் அல்ல,
பேஸின் முதுகில்.
அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றது.

பிறகு,
பதினோராம் நிமிடம், ஆறாம் விநாடி.
டிக்.

கடுகு வெடிக்கும் அளவுகூட இல்லை.
ஆனால் அவ்வளவு அமளியில்
யாருக்கும் பதில் சொல்லாத சத்தம்
அது ஒன்றுதான்.

உறையிலிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன்.
“ஆலையிலிருந்து பேசுகிறேன்.
முதல் பக்கத்தில் ஒரு குறை இருக்கிறது.”
“ஒன்றுதானா?” என்றார் போடோ க்ரால்மன்.
பின்னால் எதையோ யாரோ வறுத்துக்கொண்டிருந்தார்கள்.
நேரம் சொன்னேன்.
சோதனைத் தட்டைத் தேடிப் போட்டார்,
ஃபோன் வழியே அந்த வாத்து மறுபடி.
டிக்.
“யூட்டாவின் மோதிரம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்” என்றார்.
கொஞ்சம் பொறுத்து:
“முழுவதும் கேட்டீர்களா?”
“மூன்று முறை.”
“அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே?”
“கூடாது” என்றேன்.
சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.

புதிய அச்சில்
முந்நூறும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தன.
கழித்ததில் ஒன்று மட்டும்
கோட்டுக்குள் என் விலா எலும்போடு வீடு வந்தது.
தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதென்று
பாதி மழித்த தாடையோடு ஓடிவந்தார் வில்ஃப்ரீட்.
நுரை சட்டையில் சொட்ட நின்றார்.
“இரு, இன்னும் நாலு நிமிடம்,
ஒன்று வரும்” என்றேன்.
கேட்டுவிட்டு,
“எது?” என்றார்.

மற்றவை அரைபட்டு உருகி
அடுத்த வாரம் போல்காவாக என் மேசைக்கு வந்தன.
ஒரு கல்கூட அகப்படவில்லை.
இன்னும் கொஞ்சம் தேடினேன்.